கல்லாவும் புகையும்: விமானக் கம்பெனிகளின் எண்ணெய்க் கணக்கு

சென்னையிலிருந்து தெற்கே சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள், புதுச்சேரி வழியாகப் போக நேர்ந்தால் அங்கே டாங்கை நிரப்பிக் கொள்வது நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. அங்கே வரி குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நாம் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் இதே காரியத்தை ஆகாயத்தில் செய்தால் கணக்கு வேறாகி விடுகிறது.

விமானக் கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் ஊரில், திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக் கொண்டு கிளம்புகின்றன. லாரியில் நூறு லிட்டர் டீசல் கூடுதலாக இருந்தால் பெரிய பாதகமில்லை. விமானத்திலோ, ஏற்றிய எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் எரிய வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் எண்ணெய் அதைச் சுமப்பதற்கே செலவாகும் என்பது அந்தத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. பத்து மணி நேரப் பயணமென்றால் ஏற்றியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்து போகும். அப்படியும் இரண்டு ஊர் விலைக்கும் வித்தியாசம் நிறைய இருந்தால் கம்பெனிக்கு ஆதாயமே. ஐரோப்பாவின் வான்வழிப் போக்குவரத்தைக் கவனிக்கும் யூரோகண்ட்ரோல் அமைப்பு 2019ஆம் ஆண்டு இதற்கு ஒரு மதிப்பீடு போட்டது. இப்படிச் சுமந்து திரிவதால் அந்தப் பகுதியில் விமானக் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 26.5 கோடி யூரோ மிச்சம். அதற்காகக் கூடுதலாக எரிந்த எண்ணெய் 2,86,000 டன். காற்றில் கலந்த கரியமில வாயு சுமார் 9 லட்சம் டன்.

கல்லாவுக்கு வரவு, காற்றுக்குப் பற்று. ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடுக்கச் சட்டமே போட்டிருக்கிறது. ஒன்றியத்தின் ஒரு விமான நிலையத்திலிருந்து புறப்படும் பயணங்களுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் எண்ணெயில் 90 சதவீதத்தையாவது அங்கேயே நிரப்ப வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் விமான எண்ணெய் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய விற்பனை வரியை வைத்திருக்கிறது. ஆகவே புதுச்சேரி ஆசை இங்கேயும் உண்டு என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கான இதழில் விமானக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருச்சியிலிருந்து காய்கறியும் பூவும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பறப்பது விமானத்தின் வயிற்றில்தான். அனுப்புகிறவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். விமானக் கம்பெனிகள் புகையைக் குறைக்க வேண்டும் என்று உலகெங்கும் நெருக்கடி வந்துவிட்டது. அதற்கு ஆகும் செலவு சரக்குக் கட்டணமாகவோ கூடுதல் தீர்வையாகவோ நம் பில்லில் வந்து உட்காரப் போகிறது. அவர்கள் உண்மையிலேயே குறைக்கிறார்களா, குறைத்ததாக எழுதிக் கொள்கிறார்களா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பணம் கட்டுகிறவனுக்கு உண்டு.

முதலில் அடிப்படைக் கணக்கு. விமான எண்ணெய் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அதை ஒரு கிலோ எரித்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஒரு கிலோ போட்டால் மூன்று கிலோ எப்படி வரும் என்றால், எண்ணெயிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது. ஏர்பஸ் ஏ320 வகை விமானம் பறக்கும்போது மணிக்கு இரண்டு முதல் இரண்டரை டன் எண்ணெய் குடிக்கும். சென்னையிலிருந்து டில்லி போய்ச் சேருவதற்குள் ஆறு டன்னுக்குக் குறையாது என்று வைத்துக் கொண்டால், ஒரு நடைக்குப் பத்தொன்பது டன் கரியமில வாயு. உலகம் முழுவதும் சேர்த்து 2019ஆம் ஆண்டு விமானங்கள் வெளிவிட்டது ஏறக்குறைய 100 கோடி டன். மனிதர் எரிக்கும் எரிபொருளால் வரும் மொத்தக் கரியமில வாயுவில் இது சுமார் இரண்டரை சதவீதம். சதவீதம் சிறியதுதான். ஆனால் உலக மக்களில் பெரும்பாலோர் எந்த ஆண்டிலும் விமானத்தில் ஏறுவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்திய விமானக் கம்பெனிகளின் செலவில் 30 முதல் 40 சதவீதம் எண்ணெய்க்கே போகிறது. எண்ணெயை மிச்சம் பிடித்தால் புகையும் குறையும், கல்லாவும் நிறையும். இந்தப் பாதி வேலைக்கு யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. சிக்கன புத்தி போதும். அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2018ல் தன் விமானத்தில் வைக்கும் பத்திரிகையைச் சற்று மெல்லிய தாளில் அச்சடித்தது. ஒரு பிரதிக்குக் குறைந்தது ஒரு அவுன்சு, நம் கணக்கில் 28 கிராம். ஆண்டுக்கு 1,70,000 காலன் எண்ணெய் மிச்சமாகும் என்று அந்த நிறுவனம் சொன்னது. பணத்தில் 2,90,000 டாலர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013ல் விமானிகள் தூக்கிச் சென்ற வரைபடக் கட்டுகளை, ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்கு மேல், எடுத்துவிட்டு ஐபேடைக் கொடுத்தது. நம் சங்கத்துக் கூட்டங்களுக்குப் பழைய மினிட் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வரும் செயலாளர்கள் கவனிக்க.

சிக்கனம் எல்லை மீறுவதும் உண்டு. 2013ல் நம் நாட்டின் கோ ஏர் கம்பெனி, ஆண்களை விடப் பெண்கள் எடை குறைவு என்பதால் இனி விமானப் பணிக்குப் பெண்களையே எடுப்போம், ஆண்டுக்கு ரூ. 2.5 முதல் 3 கோடி வரை மிச்சமாகும் என்று அறிவித்தது. தண்ணீர்த் தொட்டியை முழுவதும் நிரப்பாமல் விடுவது போன்ற யோசனைகளும் கூடவே வந்தன. தண்ணீர் யோசனை சரி. ஆளைத் தராசில் நிறுத்தி வேலை கொடுப்பது நமக்கு ஒப்பவில்லை. அந்தக் கம்பெனி 2023ல் பறப்பதை நிறுத்தியது. காரணம் ஆட்களின் எடை அல்ல. என்ஜின் தகராறும் கடன் சுமையும்.

இதைவிட நம் மனதைக் கவர்ந்தது இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக் கம்பெனியில் 2014ல் நடந்த ஒரு சோதனை. கடையில் ஆள் வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

எவ்வளவு எண்ணெய் ஏற்றுவது, எப்படிப் பறப்பது, இறங்கிய பின் ஒரு என்ஜினை அணைத்துவிட்டு ஒற்றை என்ஜினில் நிலையத்துக்கு உருட்டிக் கொண்டு வருவதா என்பதெல்லாம் பெரும்பாலும் விமானத் தலைவரின் கையில் இருக்கிறது. அவர் கைக்காசு எதுவும் செலவாவதில்லை. ஆகவே தாராளமாக இருந்து விடுகிறார். முதலாளி இல்லாத நேரத்தில் கடையில் மின்விசிறி ஓடுவதைப் போல. பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் கம்பெனியுடன் சேர்ந்து 335 விமானத் தலைவர்களை எட்டு மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவினரிடம் ஆய்வு நடக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். இரண்டாவது பிரிவினருக்கு, சென்ற மாதம் நீங்கள் இவ்வளவு முறை எண்ணெயை மிச்சம் பிடித்தீர்கள் என்று மாதாமாதம் கடிதம் போனது. மூன்றாவது பிரிவினருக்குக் கடிதத்தோடு ஓர் இலக்கும் வைத்தார்கள். நான்காவது பிரிவினர் இலக்கை எட்டினால் அவர்கள் பெயரில் தருமத்துக்கு ஒரு சிறு தொகை போனது. சம்பளத்தில் ஒரு காசு கூட்டவில்லை, யாரையும் கண்டிக்கவும் இல்லை.

எல்லாப் பிரிவினரும் மிச்சம் பிடித்தார்கள். கடிதமே போகாத முதல் பிரிவும் கூட, யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த மாத்திரத்தில் மாறிவிட்டது. இலக்கு வைத்த பிரிவு அதைவிட நன்றாகச் செய்தது. தருமத் தொகை சேர்த்ததால் மேற்கொண்டு பெரிய லாபம் இல்லை. ஆனால் அவர்கள் வேலையில் மனநிறைவு கூடியதாகத் தெரிந்தது. எட்டு மாதத்தில் ஆறாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய் மிச்சம். தபால் செலவைத் தவிரப் பெரிய முதலீடு எதுவும் இல்லை. புதிய இயந்திரம், புதிய எரிபொருள் என்று பெரிய பேச்சு பேசுவதற்கு முன்னால் ஒரு கம்பெனி செய்ய வேண்டியது இதுதான் என்பது நம் எண்ணம்.

புதிய இயந்திரத்தாலும் பலன் இல்லாமல் இல்லை. இறக்கையின் நுனியை மேல்நோக்கி மடக்கி வைப்பதால் சுமார் 4 சதவீதம் வரை எண்ணெய் குறைகிறது. 2016 முதல் ஓடும் ஏ320 நியோ விமானம், பழைய ஏ320ஐ விட இருக்கைக்கு 15 சதவீதம் குறைவாகக் குடிக்கும் என்று விற்கப்பட்டது. டில்லியில் 2019 அக்டோபரில் ஏர் இந்தியா, பயணிகள் அமர்ந்த ஏ320 விமானத்தை டாக்சிபாட் என்னும் இழுவை வண்டி கொண்டு ஓடுதளம் வரை இழுத்துச் சென்றது. என்ஜினைக் கடைசியில் முடுக்கினால் போதும். சந்தைக்குள் மாட்டை ஓட்டி வந்து வெளியே போனபின் வண்டி பூட்டுவது போன்ற ஏற்பாடு. பிளாஸ்டிக் கரண்டி, காகிதக் குவளை சமாசாரங்களும் உண்டு. விளம்பரத்தில் அதற்கு இடம் அதிகம். கரியமிலக் கணக்கில் கொஞ்சம்.

இதுவரை சொன்னவற்றில் கல்லாவும் காற்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. கம்பெனியின் நேர்மை தெரிவது அவை இரண்டும் பிரியும் இடத்தில்.

வானத்தில் விமானத்தின் பின்னால் வெண்கோடு நீள்வதைப் பார்த்திருப்போம். என்ஜினிலிருந்து வரும் நீராவி, குளிர்ந்து ஈரமாக இருக்கும் காற்றடுக்கில் புகைத்துகளைப் பற்றிக் கொண்டு பனித்துகளாக உறைகிறது. சில சமயம் அது கலையாமல் மணிக்கணக்கில் பரந்து மெல்லிய மேகமாகி, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் போர்வை போலத் தடுக்கிறது. விமானப் போக்குவரத்தால் பூமிக்கு இதுவரை ஏறிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாத இது போன்ற காரணங்களால் வந்தது என்று 2021ல் வெளியான விரிவான ஆய்வு மதிப்பிட்டது. 2023ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூகுள் ஆய்வாளர்கள் கொடுத்த முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு 70 சோதனைப் பயணங்களில் அந்த ஈரமான அடுக்கைத் தவிர்த்துச் சற்று மேலேயோ கீழேயோ பறந்து பார்த்தார்கள். வெண்கோடு 54 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தப் பயணங்களில் எண்ணெய் 2 சதவீதம் கூடுதலாக ஆனது. இங்கே காற்றுக்கு நன்மை, கல்லாவுக்கு நட்டம். எத்தனை கம்பெனிகள் தாமாக முன்வந்து இதைச் செய்யும் என்று பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது இடம் மாற்று எரிபொருள். இது நேராக நம் கடைத்தெருவுக்கே வருகிறது.

2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை ஒரு பகுதி கலந்து டேராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்தது. எரிபொருளைச் செய்து கொடுத்தது டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வுக் கழகம். 2023 நவம்பரில் வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று, நிலத்தடி எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல், லண்டனிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அதில் ஊற்றியதில் பெரும்பகுதி கழிவுக் கொழுப்பிலிருந்து வந்தது. தாவரமும் விலங்கும் காற்றிலிருந்து எடுத்த கரிதான் திரும்பப் போகிறது என்பதால், ஆரம்பம் முதல் முடிவு வரை கணக்கிட்டால் 80 சதவீதம் வரை கரியமில வாயு குறையலாம் என்கிறார்கள். குறை ஒன்றுதான்: விலை. சாதாரண எண்ணெயைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு. 2024ல் உலகம் முழுவதும் உற்பத்தியானது 10 லட்சம் டன். மொத்த விமான எண்ணெய்த் தேவையில் இது 0.3 சதவீதம். இலக்குகளோ பெரியவை. ஐரோப்பாவில் 2025ல் 2 சதவீதம் கலக்க வேண்டும், 2030ல் 6, 2050ல் 70. நம் அரசு முதலில் வெளிநாட்டுப் பயணங்களுக்கு 2027ல் 1 சதவீதம், 2028ல் 2, 2030ல் 5 என்று குறி வைத்திருக்கிறது.

இதற்குக் கச்சாப் பொருள் எங்கே? நம் பலகாரக் கடை வாணலியில். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்வதற்கான சர்வதேசச் சான்றிதழை 2025 ஆகஸ்டில் பெற்றது. ஆண்டுக்கு 35,000 டன் செய்வது திட்டம்.

பழைய எண்ணெய் என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பண்டம் போடக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். ஆனால் பெரிய கடையில் கழித்த எண்ணெய் டின்னில் அடைபட்டுப் பின்வாசல் வழியாகச் சிறிய தள்ளுவண்டிக்குப் போகும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்ததாக நாம் நம்பவில்லை. நம் அங்கத்தினர் யாரும் அப்படிச் செய்வதில்லை என்றே எடுத்துக் கொள்கிறோம். அந்த டின் ஏழை வயிற்றுக்குப் போகாமல் விமான டாங்குக்குப் போனால் இரு வழியிலும் நன்மை.

இதிலும் கலப்படக்காரன் புகுந்து விடுவான் என்பது வியாபாரிக்கு உடனே தோன்றும். பழைய எண்ணெய்க்குப் புது எண்ணெயை விட அதிக விலை என்று வந்தால், புதுப் பாமாயிலையே பழையது என்று சொல்லி விற்க ஆள் வருவான். ஐரோப்பாவுக்கு இறக்குமதியாகும் சரக்கில் இப்படி நடக்கிறதோ என்ற சந்தேகம் ஏற்கெனவே எழுந்திருக்கிறது. பாமாயிலுக்காகக் காட்டை அழித்து, அதைக் கழிவு என்று பெயர் மாற்றி விமானத்தில் எரித்தால் புகைக் கணக்கு முன்னைவிட மோசமாகும். எந்தக் கடையிலிருந்து எத்தனை லிட்டர் என்ற ரசீதுச் சங்கிலி அறாமல் இருந்தால்தான் இந்த எரிபொருளுக்கு மதிப்பு.

மூன்றாவது இடம் சான்றிதழ் வியாபாரம். நாங்கள் எரித்த எண்ணெய்க்கு ஈடாக வேறெங்கோ மரம் நட்டோம், உங்கள் பயணத்துக்குப் புகையே இல்லை என்று சில கம்பெனிகள் விளம்பரம் செய்தன. டச்சு விமானக் கம்பெனி கே.எல்.எம். இப்படிச் சூழலுக்கு ஏற்ற பயணம் என்று செய்த விளம்பரங்கள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துபவை என்று 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நட்ட மரம் நாளை எரிந்தால் என்ன ஆகும், அந்தக் காடு எப்படியும் அங்கே இருந்திருக்குமா என்பதற்கெல்லாம் தெளிவான பதில் வருவதில்லை. இருப்பில் இல்லாத சரக்கை இருப்பேட்டில் ஏற்றுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆயினும் சர்வதேச விமான அமைப்பின் திட்டப்படி, 2019ன் அளவில் 85 சதவீதத்துக்கு மேல் போகும் புகைக்கு இத்தகைய ஈட்டுச் சான்றிதழ்களை வாங்க வேண்டும். 2027 முதல் இந்தியக் கம்பெனிகளுக்கும் இது கட்டாயம். லுஃப்தான்சா 2025 முதல் ஐரோப்பாவிலிருந்து புறப்படும் டிக்கெட்டுகளில் 1 முதல் 72 யூரோ வரை சுற்றுச்சூழல் கூடுதல் கட்டணத்தைச் சேர்த்துவிட்டது. நமக்கும் வரும்.

கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் ஒரு பழக்கம் உண்டு. இருக்கைக்கு, கிலோமீட்டருக்கு என்று வகுத்துக் காட்டுவார்கள். அந்த எண் வருடா வருடம் குறையும். இண்டிகோ 2023 ஜூனில் ஒரே வீச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏர் இந்தியா அதே ஆண்டு 470. ஒவ்வொன்றும் 15 சதவீதம் குறைவாகக் குடித்தாலும், நூறு விமானம் இருந்த இடத்தில் இருநூறு நின்றால் எண்ணெய்ச் செலவு 100லிருந்து 170 ஆகும். இதை மறைக்க எந்த வகுத்தலாலும் முடியாது. ரயில் இருக்கும் குறுகிய தூரத்தில் பறக்காமல் இருப்பது ஒன்றே அங்கே குறைப்பு. பிரான்சில் 2023 மே முதல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக் கூடிய சில தடங்களில் விமானம் தடை செய்யப்பட்டது. பெங்களூர் கொள்முதலுக்கு விமானத்தில் போய்வரும் நம் நண்பர்கள், விமான நிலையத்துக்குப் போகவும் வரவும் காத்திருக்கவும் ஆகும் நேரத்தை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

ஆகவே விமானத்தில் சரக்கு அனுப்பும் அங்கத்தினர்கள் ஏஜெண்டிடம் கட்டண அட்டவணையோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டு வைப்பது நல்லது. இந்தச் சரக்கு எப்படியும் பறக்கப் போகும் பயணி விமானத்தின் வயிற்றில் போகிறதா, தனிச் சரக்கு விமானத்தில் போகிறதா? கூடுதல் கட்டணம் என்று வாங்குகிற தொகையில் மாற்று எரிபொருள் எத்தனை லிட்டர் வாங்கினார்கள், சென்ற ஆண்டு மொத்தம் எரித்தது எத்தனை டன்? பதில் இருக்கைக் கணக்கில் வந்தால், மொத்தக் கணக்கைக் கேளுங்கள்.

கட்டுமானத்தையும் பார்க்க வேண்டும். விமானக் கம்பெனிகள் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள அலுமினியக் கொள்கலன்களுக்குப் பதிலாக 60 கிலோ அளவிலான கூட்டுப்பொருள் கொள்கலன்களை வாங்கத் தொடங்கியது எதற்காக என்று யோசித்தால் நம் பெட்டியின் எடையும் ஞாபகம் வரும். மல்லிகை அனுப்பும் பெட்டியில் அட்டை, ஐஸ், நாடா எல்லாம் சேர்த்து இருநூறு கிராம் குறைத்தால், ஐந்நூறு பெட்டிக்கு நூறு கிலோ. அந்த நூறு கிலோவுக்கும் இன்றைக்குப் பூவின் கட்டணத்தைத்தான் நாம் கட்டிக் கொண்டிருக்கிறோம்.